மருத்துவ முகாமில் குழந்தைகள் பகுதி: பழகிப் பழகிக் கற்றுக்கொண்டவை

ஊர் ஊராகப் போய் முகாம் நடத்தும் கிறிஸ்தவ மருத்துவ ஊழியத்துக்குக் குழு கிளம்பும்போது முதல் நாள் இரவே வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மருத்துவர்களுக்கு மேசை, செவிலியர்களுக்குக் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்க்கும் இடம், கையெழுத்து நன்றாக இருப்பவருக்குப் பதிவு, மருந்து எடுத்துக் கொடுக்க இரண்டு பேர். எல்லாம் முடிந்த பிறகு யார் மிச்சம் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து, "நீங்க பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க" என்பார்கள். ஒரு பாட்டு, இரண்டு விளையாட்டு, வரைய கொஞ்சம் காகிதம். பெரியவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்வரை பிள்ளைகள் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பல வருடங்களாக எனக்குக் கொடுக்கப்படுவது குழந்தைகள் பகுதிதான், இப்போது நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒரு பிள்ளை நம்மை நம்பினால்தான் மருத்துவரால் அந்தப் பிள்ளையைச் சரியாகப் பார்க்க முடியும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் குழுவில் வந்த ஒரு குழந்தை மருத்துவர். எக்ஸ்ரே வசதி இல்லாத ஊரில், இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியாவா என்று கண்டுபிடிக்க அவர் முதலில் செய்வது மூச்சை எண்ணுவது. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் அளவு இது. ஆனால் குழந்தை அழுதுகொண்டிருந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அழுகிற குழந்தையின் நெஞ்சு எப்படியும் வேகமாகத்தான் ஏறி இறங்கும். "அழாத பிள்ளையை என்கிட்ட அனுப்புங்க, பாதி வைத்தியம் நீங்க பண்ண மாதிரி" என்றார் அவர். அன்றிலிருந்து இந்த வேலையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

மூச்சு எண்ண வேண்டிய குழந்தையை இப்போது நாங்கள் முதலில் தொடுவதே இல்லை. அம்மா மடியில் இருக்கட்டும், சட்டையை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டு எண்ணி முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் தெர்மாமீட்டர், ஸ்டெதஸ்கோப் எல்லாம். காதும் தொண்டையும் எப்போதும் கடைசி. வாயைத் திறக்கச் சொல்லும் நேரத்தில் அழுகை ஆரம்பித்தாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருப்போம்.

சரி, பழகுவது எப்படி?

முகாம் நடக்கும் இடத்துக்குப் போனதும் நிழல் எங்கே விழுகிறது, வரிசை எங்கே நிற்கப்போகிறது என்று பார்த்துக்கொள்வேன். குழந்தைகள் பகுதியை எங்கேயோ ஒதுக்குப்புறமாகப் போட்டால் பெரிய பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். சின்னவர்களுக்கு அம்மா கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்கும் பிள்ளை தெரிய வேண்டும். மருத்துவரின் அறை வாசலும் அங்கிருந்து தெரிந்தால் ரொம்ப நல்லது. உள்ளே போன பிள்ளை எப்படி வெளியே வருகிறது என்று மற்ற பிள்ளைகள் ஒரு கண் வைத்துக்கொண்டே இருப்பார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வரும் ஒரு பிள்ளை செய்யும் உதவியை நம்முடைய எந்தப் பேச்சும் செய்யாது. அதனால் ஊரில் கொஞ்சம் துணிச்சலான பிள்ளை யாரென்று பார்த்து, அவனையோ அவளையோ முதலில் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வேன்.

ஊருக்குள் இறங்கியவுடன் கையை விரித்துக்கொண்டு "வாங்க வாங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிட வேண்டாம். நல்ல மனதோடுதான் செய்கிறோம், ஆனால் புது முகம், புது உடை, உரத்த குரல் எல்லாம் சேர்ந்து சின்னப் பிள்ளையை மிரட்டிவிடும். நான் பாயை விரித்து உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல், காகிதத்தை மடித்து ஏதாவது செய்ய ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள் வந்து நிற்பார்கள். "இது என்ன?" என்பான் ஒருவன். "நீ சொல்லு, என்னவா இருக்கும்?" என்று கேட்டால் போதும். அவர்களுக்குப் பின்னால் ஆறேழு பேர் வந்துவிடுவார்கள். வெட்கப்படுகிற பிள்ளைகள் தூணுக்குப் பின்னாலோ பாட்டியின் சேலைக்குப் பின்னாலோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கைகாட்டி அழைக்கவே கூடாது. பார்த்துக்கொண்டிருப்பதும் அவர்கள் கலந்துகொள்ளும் முறைதான். பாயின் ஓரத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு வைப்பேன், அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை, மூன்று வயது வரை உள்ள குழந்தைகள் புது ஆளைக் கண்டால் அழுவது இயல்பு. அது வளர்ச்சியின் ஒரு பகுதி. இந்த வயதுக் குழந்தையிடம் நேராகப் போய் முகத்தைப் பார்த்துப் பேசினால் அழுகைதான் வரும். அம்மாவின் பக்கத்தில், குழந்தைக்கு முகம் காட்டாமல் சற்றுத் திரும்பி உட்கார்ந்து, அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள். தன் அம்மா இந்த ஆளோடு சாதாரணமாகப் பேசுகிறாள் என்று குழந்தை பார்க்கட்டும். சிறிது நேரத்தில் அதுவே உங்கள் வளையலையோ அடையாள அட்டையையோ தொடும். அதன் பிறகு கை நீட்டலாம்.

பெயரை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பதிவு அட்டையில் இருக்கும் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். கூப்பிடும் பெயரை அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதி அனுப்புவேன். மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததும் பிள்ளையின் தோள் தளர்வதைப் பார்க்கலாம். மொழி தெரியாத ஊருக்குப் போனால் இது இன்னும் கைகொடுக்கும். அங்கே பத்துப் பெயர்களைச் சரியான உச்சரிப்போடு சொல்லப் பழகிக்கொண்டாலே போதும். நாம் தப்பாகச் சொல்ல, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்ல, பழக்கம் அதிலேயே வந்துவிடும்.

இனி அக்காக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமுக்கு நாங்கள் போகும் ஊர்களிலெல்லாம் எட்டு, ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் இடுப்பில் ஒரு குழந்தையோடு வருகிறார்கள். அம்மா வேலைக்குப் போயிருப்பாள். பதிவு மேசையில் அந்தப் பெண்ணைப் பார்த்து "பெரியவங்க யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். சம்மதம் வாங்கப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்பது சரிதான், ஆளனுப்பிக் கூட்டிவரத்தான் வேண்டும். ஆனால் அதுவரைக்கும் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். குழந்தையைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள் அவள்தான்.

அப்படி ஒருத்தி வயிற்றுப்போக்கு வந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் வந்து சேர்ந்த அம்மாவிடம் செவிலியர், காலையிலிருந்து எத்தனை தடவை போனான் என்று கேட்டார். அம்மா மகளைத்தான் பார்த்தாள். மகள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். எப்போது கடைசியாகச் சிறுநீர் போனான், எதைக் குடித்தான், எதைத் துப்பினான் என்று ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓ.ஆர்.எஸ் கலக்குவதை நாங்கள் அம்மாவுக்கும் அவளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தோம். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும்; வழக்கமாக அது 10 முதல் 14 நாள். எல்லாவற்றையும் அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவர்கள் கிளம்பும்போது நான் அவளிடம், "தம்பிக்குப் பாத்தாச்சு. உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன். அதை யாரும் தன்னிடம் கேட்பார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். முள் குத்திச் சீழ் பிடித்த புண். அதோடுதான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் குழந்தையையும் பரிசோதிக்க வேண்டும் என்று அதன் பிறகு குழுவில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். இப்போது அவர்களுக்கும் தனி அட்டை போடுகிறோம்.

பெரிய பிள்ளைகளைச் சுகாதார வேலையில் சேர்த்துக்கொள்வது புதிய யோசனை ஒன்றும் இல்லை. டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950களில் நைஜீரியாவின் இலேஷா ஊரில் இருந்த மெதடிஸ்ட் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்தவர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடையைத் தாயிடமே இருக்கும் அட்டையில் குறித்து வரும் முறையைப் பரப்பியவர் அவர். பின்னாளில் லண்டனில் இருந்தபோது, 1978ஆம் ஆண்டு, ஹ்யூ ஹாஸ் என்ற கல்வியாளரோடு சேர்ந்து 'குழந்தையிலிருந்து குழந்தைக்கு' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குச் சுகாதாரத்தைச் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டுக்குள் போய்ச் சேரும் என்பதே அதன் அடிப்படை. மிஷன் மருத்துவமனையில் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்த ஒருவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய ஊக்கம் உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சுமை தூக்குகிற பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையை வைத்துவிடக் கூடாது. மருந்து கொடுக்கும் பொறுப்பு அம்மாவுக்கோ பாட்டிக்கோதான். பிள்ளை தெரிந்துவைத்திருந்தால் போதும்.

அடுத்தது, உண்மை பேசுவது. "வலிக்காது" என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்வதில்லை, குழுவில் யாரும் சொல்ல விடுவதும் இல்லை. ஊசி என்றால் குத்தத்தான் செய்யும். "கொஞ்சம் குத்தும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நீ சத்தமா எண்ணு, வேணும்னா அழலாம்" என்று சொன்னால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். வலிக்காது என்று சொல்லிக் குத்தினால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் அது நம்பாது. வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகளும் நம்ப மாட்டார்கள். எந்தக் கையில் போடலாம் என்று பிள்ளையையே கேட்கச் சொல்வேன். போடுவதா வேண்டாமா என்று மட்டும் கேட்கக் கூடாது; அது பிள்ளை முடிவு செய்யும் விஷயம் இல்லை, கேட்டுவிட்டு மீறினால் இன்னும் மோசம்.

பெரியவர்கள் செய்யும் ஒரு காரியத்தையும் மென்மையாகத் தடுக்க வேண்டியிருக்கிறது. "சேட்டை பண்ணா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று வரிசையிலேயே மிரட்டுவார்கள். அந்தப் பிள்ளையின் முன்னாலேயே அம்மாவைத் திருத்த நான் போவதில்லை. பிள்ளையிடம் குனிந்து, "நல்லா ஆகுறதுக்குத்தான் ஊசி. சேட்டைக்கெல்லாம் ஊசி கிடையாது" என்று சொல்லிவிடுவேன். அம்மாவுக்கும் அது காதில் விழும்.

ஸ்டெதஸ்கோப் ஒன்றை எப்போதும் பாயில் போட்டு வைத்திருப்பேன். எங்கள் செவிலியர் ஒருவர் தன் பழையதைக் கொடுத்தார். தன் நெஞ்சுச் சத்தத்தைத் தானே கேட்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வீர்கள். மூச்சு விடுவதைப் பொம்மைக்கு எண்ணிப் பார்ப்பார்கள், ஒருவருக்கொருவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பார்கள். உள்ளே நடக்கப்போவது எல்லாம் பாயிலேயே ஒத்திகை ஆகிவிடும். காதில் வைக்கும் முனையை மட்டும் ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்துவிடுங்கள்.

குடற்புழு மாத்திரை கொடுக்கும்போது இந்தப் பொறுமை உயிர் சம்பந்தப்பட்டது. அல்பெண்டசோல் வழக்கமாக 400 மில்லிகிராம், ஒரே வேளை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் பாதி. சின்னப் பிள்ளைகளுக்கு மாத்திரையை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். அழுது திமிறும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். மாத்திரை மூச்சுக்குழாயில் சிக்கினால் மூச்சே நின்றுபோகலாம். எங்கள் முகாமில் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளையைப் பாய்க்கு அனுப்பிவிடுவார்கள். விளையாடிவிட்டு அப்புறம் வரட்டும். அன்றைக்கு முடியாமலே போனாலும் பரவாயில்லை, அதற்காக யாரும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பள்ளிக்கூடத்தில் சமீபத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களா என்று உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பவர் கண்ணில் படும் விஷயங்கள் பல, சில நிமிடங்கள் மட்டும் பார்க்கும் மருத்துவர் கண்ணில் படாதவை. ஒரு ஊரில், குரல் கேட்டதும் அசையாமல் நிற்க வேண்டிய விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு தடவையும் தாமதமாக நின்றான். மற்றவர்கள் "அவன் எப்பவும் இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டான்" என்றார்கள். நான் அவன் பின்னால் போய் நின்று பேரைச் சொல்லிப் பார்த்தேன். திரும்பவில்லை. முன்னால் வந்து சொன்னபோது உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் அட்டையில் சளி என்று மட்டும்தான் எழுதியிருந்தது. மருத்துவரிடம் சொன்னதும் காதைப் பார்த்தார்; பல மாதமாகச் சீழ் வந்துகொண்டிருந்த காது. சுத்தமான துணியைத் திரித்து வைத்துக் காதை உலர்த்துவதைப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக எழுதிக் கொடுத்தார். "பேச்சே கேக்காத பிள்ளைன்னு எவ்வளவு அடி வாங்கியிருக்கான்" என்று பாட்டி அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். படத்தை மூக்குக்கு நேராக வைத்துப் பார்க்கும் பிள்ளை, ஓடும்போது உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பிள்ளை, நிற்கும்போது ஒரு காலை இழுக்கும் பிள்ளை, பொழுது சாய்ந்ததும் விளையாட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை. கடைசியில் சொன்னது மாலைக்கண்ணாக இருக்கலாம், வைட்டமின் ஏ குறைவு என்றால் காத்திருக்கவே கூடாது. சின்ன வயதுக்குப் பொருந்தாத பயம், விளக்கம் பொருந்தாத காயம் இவற்றையும் எழுதுவேன். மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டுவேன். என்ன நோய் என்று நான் சொல்வதில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கையின் சுற்றளவு அளக்கும் வண்ணப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேற்கையில் சுற்றினால், 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு. 115 முதல் 125க்குள் மஞ்சள். அதற்கு மேல் பச்சை. நல்ல கருவி, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் "சிவப்பு, சிவப்பு" என்று வரிசையில் யாராவது சத்தம் போட்டால் அந்த அம்மா அடுத்த முகாமுக்கு வர மாட்டாள். அளப்பதை மறைவாகச் செய்யுங்கள், நிறத்தை அட்டையில் எழுதுங்கள், அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள்.

பரிசுகள் விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. வண்டியிலிருந்து மிட்டாயையும் பொம்மையையும் அள்ளிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. கூட்டம் முண்டும், சின்னப் பிள்ளைகள் நசுங்குவார்கள், பலசாலிக்கு இரண்டு கிடைக்கும், வெட்கப்படுகிறவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அடுத்த குழு வெறுங்கையோடு இறங்கினால் பிள்ளைகளின் முகம் வாடும். பல் வலியோடு வரும் பிள்ளைகளுக்கு நாமே மிட்டாய் கொடுப்பதும் சரியில்லை. கொண்டுபோன பொருள்கள் இருந்தால் பள்ளி ஆசிரியரிடமோ உள்ளூர்ச் சபையிடமோ கொடுத்துவிடுவோம், அவர்களுக்குத்தான் யாருக்கு எது தேவை என்று தெரியும்.

புகைப்படமும் அப்படித்தான். நோயோடு வந்திருக்கும் பிள்ளையின் படத்தை நம் சபையில் காட்டுவதற்காக எடுக்கக் கூடாது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் குழந்தையின் தனிமையும் கௌரவமும் காக்கப்பட வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் படிக்காவிட்டாலும், நம் வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது அறிமுகம் இல்லாதவர் படம் எடுத்தால் விடுவோமா என்று கேட்டுக்கொண்டால் விடை தெரிந்துவிடும். இன்னொரு விதியையும் நாங்கள் தளர்த்துவதே இல்லை: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்குக் கூட்டிப்போனாலும், வீடுவரை கொண்டுபோய் விட்டாலும் இரண்டு பேர். பரிசோதனையின்போது பெற்றவரோ வீட்டுப் பெரியவரோ உடன் இருக்க வேண்டும். ஜெப ஆலயத் தலைவரான யவீருவின் மகளைப் பார்க்க ஆண்டவர் இயேசு போனபோது கூடியிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் உள்ளே அழைத்துக்கொண்டார் என்று மாற்கு 5ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அவளை எழுப்பிய கையோடு, சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றும் சொன்னார். குழந்தையைப் பார்க்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் இந்தப் பகுதியை வாசிக்கிறோம்.

விசுவாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதைச் செய்வதே ஆண்டவர் என்னை நேசித்தார் என்பதால்தான். அதனாலேயே, மருந்துக்குக் கைம்மாறாக எந்தப் பிள்ளையும் ஒரு பாட்டையோ ஜெபத்தையோ சொல்ல வேண்டியதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். முகாம் நேரத்தில் பாயில் விளையாட்டும் சுகாதாரமும் மட்டும். வேதாகமக் கதைகள் மாலையில், உள்ளூர்ச் சபையில், பெற்றோர் தெரிந்து அனுப்பும் பிள்ளைகளுக்கு. வராத வீட்டுப் பிள்ளைக்கும் வந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரிசையில் ஒரே எண் முறைதான். யாராவது ஜெபம் செய்யச் சொல்லிக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வேன், பிள்ளை கேட்டால் அதன் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்வேன்.

ஒரு சிறுமி என்னிடம், "அக்கா, நீங்க ஜெபம் பண்ணா எங்க பாப்பாவுக்கு நெஞ்சு சரியாயிருமா?" என்று கேட்டாள். அந்தக் குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் குறை இருப்பதாக மருத்துவர் சந்தேகப்பட்டிருந்தார். ஆம் என்று சொல்ல என் மனம் எவ்வளவு ஆசைப்பட்டது என்று சொல்லி முடியாது. "நான் தினமும் ஜெபம் பண்றேன். ஆண்டவருக்குப் பாப்பாவை ரொம்பப் பிடிக்கும். எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா டாக்டர் எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், அதுக்கு யார் கூட வருவாங்கன்னு அம்மாகிட்ட இப்பவே பேசுவோம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் கூட்டிப்போனாள். நிச்சயம் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுத்து அது நடக்காமல் போயிருந்தால், அவள் என்னை மட்டுமா நம்பாமல் போயிருப்பாள்? பிள்ளைகளிடம் ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

விடைபெறுவதற்கும் திட்டம் வேண்டும். கடைசி மணி நேரத்தில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வண்டி ஏறுவது நமக்கு ஆறுதலாக இருக்கலாம், பிள்ளைக்கு அப்படி இல்லை. முதல் நாளே, "நாங்க வெள்ளிக்கிழமை கிளம்பிருவோம்" என்று சொல்லிவிடுவேன். தினமும் காலையில் இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகளே சொல்வார்கள். "மறுபடியும் வருவீங்களா?" என்று கேட்டால், தேதி உறுதியாகியிருந்தால் மட்டுமே வருவேன் என்கிறேன். உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே சொல்கிறேன்.

நாம் போன பிறகும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர், ஆசிரியர், போதகர், சபையின் அக்காக்கள். முதல் நாளிலிருந்தே அவர்களில் ஒருவரை என் பாயில் உட்காரவைத்துக்கொள்வேன். போகப் போக நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவர் பேசும்படி பார்த்துக்கொள்வேன். கடைசி நாள் காலை பாய் முழுக்க அவர் பொறுப்பு. நான் பதிவு மேசைக்குப் போய்விடுவேன். நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை மருத்துவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் எந்த மருத்துவமனைக்கு எந்த நாளில் போக வேண்டும், யார் கூட்டிப்போவது, வண்டிச் செலவுக்கு யார் பொறுப்பு என்று எழுதி, பெற்றோர் சம்மதத்தோடு ஒரு பிரதியைச் சுகாதாரப் பணியாளரிடம் கொடுக்கிறோம். காது கேட்காத பையனைப் பற்றி இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது, அந்தச் சுகாதாரப் பணியாளர்தான் பாட்டியையும் பையனையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்வந்திருந்தார். பள்ளியில் முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியரிடமும் அவரே பேசியிருந்தார்.